அவனுக்கு இதுல என்ன லாபம்?

குமராட்சி தபால் நிலையத்துக்கு வெளிநாட்டு உறை வருவது ஒன்றும் அதிசயமில்லை. லால்பேட்டை அளவுக்கு இல்லையென்றாலும் எங்கள் பக்கத்திலும் சிங்கப்பூர், துபாய் என்று போனவர்கள் உண்டு. 2006 வாக்கில் என் பெயருக்கு வந்த உறைதான் வேறு மாதிரி இருந்தது. கெட்டி அட்டை. திண்ணையிலேயே பிரித்தேன். உள்ளே அடுக்கடுக்காக சி.டி. ஒவ்வொன்றின் அட்டையிலும் கறுப்பு, வெள்ளை, மாநிறம் என்று நாலு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தபால்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏசு பாட்டா தம்பி?" என்றார்.

"இல்லைண்ணே, உபுண்டு."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டவர் பெரியப்பா. கூட்டுறவு சொசைட்டியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். நாலணா இடித்தாலும் நாள் முழுக்க உட்கார்ந்து நேர் செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

"எவ்வளவுடா?"

"சும்மாதான் பெரியப்பா."

"தபால் செலவு?"

"அதுவும் அவங்கதான்."

"யாரு அந்த அவங்க?"

சொன்னேன். மார்க் ஷட்டில்வொர்த் என்று ஒரு தென்னாப்பிரிக்காக்காரர். தாட் என்ற தன் கம்பெனியை 1999-இல் 57 கோடியே 50 லட்சம் டாலருக்கு விற்றவர். 2002-இல் சொந்தக் காசில் விண்வெளிக்குப் போய் வந்தவர். பிறகு கனானிக்கல் என்று இன்னொரு கம்பெனி தொடங்கி, லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை உபுண்டு என்ற பெயரில் சி.டி.யில் போட்டு, கேட்பவர் வீட்டுக்கெல்லாம் அனுப்புகிறார். குமராட்சி என்று எழுதிக் கேட்டாலும் அனுப்புகிறார்.

பெரியப்பா விண்வெளியைக் கண்டுகொள்ளவில்லை. "அவனுக்கு இதுல என்ன லாபம்?" என்றார்.

அறிவு பகிரப்பட வேண்டியது, மென்பொருள் காற்று மாதிரி எல்லாருக்கும் பொது, மென்பொருள் விடுதலை பேசிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-லேயே சொல்லிவிட்டார் என்று அந்தக் காலத்தில் எங்கள் லினக்ஸ் கூட்டம் முழுக்க ஒப்பித்த பாடத்தை நானும் ஒப்பித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, பத்திரமா வை. பின்னால எதுனா கையெழுத்துக் கேப்பான்" என்று சொல்லி வெற்றிலைச் செல்லத்தை இழுத்துக்கொண்டார்.

இப்போது என் அக்கா மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அதே வீடு. சிதம்பரத்துக்கு பஸ் ஏறிப் போய் மணிக்கணக்குக்குக் காசு கட்டி இன்டர்நெட் பார்த்தது போய், கேபிள்காரரே திண்ணை வழியாக ஃபைபர் இழுத்துக் கொடுத்திருக்கிறார். போன வருடம் அவனிடம், நிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம் என்று திறந்து வைத்த ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் சின்ன வேலை ஒன்று கிடக்கிறது, எடுத்துச் செய்து பார் என்றேன். போனிலிருந்து தலை நிமிராமலே கேட்டான்: "இதுல எனக்கு என்ன லாபம் மாமா?"

கேள்வி ஒன்றுதான். கேட்கிற ஆள்தான் மாறியிருக்கிறார். நடுவில் மாட்டிக்கொண்ட எங்கள் தலைமுறைதான் லாபம் என்ற சொல்லைக் கெட்ட வார்த்தையாக வைத்திருந்தது. எங்களுக்கு லாபம் இல்லாமல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை.

அந்த உறை வருவதற்கும் பத்து வருடம் முன்னால் போவோம். பி.சி. குவெஸ்ட் இதழ் 1996-இலிருந்து லினக்ஸ் சி.டி.யைப் பத்திரிகையோடு சேர்த்துக் கொடுத்தது. அந்த இதழுக்குச் சிதம்பரத்தில் கடையில் சொல்லி வைக்க வேண்டும். சி.டி.யை வாங்கி வந்து நிறுவுவது இருக்கிறதே, அது தனி விரதம். திரையின் கிடைமட்ட அதிர்வெண் எவ்வளவு என்று கேட்கும். தப்பாகக் கொடுத்தால் மானிட்டர் கெட்டுப்போகலாம் என்று எச்சரிக்கையும் அதுவே கொடுக்கும். மானிட்டரின் விலை அன்றைக்கு ஒரு கறவை மாட்டின் விலை. உள்ளே பொருத்திய மோடம் விண்டோஸுக்கு மட்டும்தான் வாய் திறக்கும், லினக்ஸிடம் ஊமை. ஆக இன்டர்நெட் இல்லாமல், இன்டர்நெட்டிலேயே பிறந்த ஒன்றை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்போம்.

காசில்லாததால் லினக்ஸ் என்று சொல்லவும் வழியில்லை. சென்னை ரிச்சி தெருவில் திருட்டு விண்டோஸ் சி.டி. டிபன் செலவுக்குக் கிடைத்தது. ஊரே அதைத்தான் ஓட்டியது, போலீஸ் ஸ்டேஷன் உட்பட. அப்புறம் எதற்கு இந்தப் பாடு? பெரியப்பா மாதிரி நேர்மையாகக் கணக்குப் போட்டால் மூன்று வரவுகள் தேறும். ஒன்று, எதையாவது பிரித்து உள்ளே பார்க்கும் அரிப்பு. இரண்டு, தேவை. மூன்று, பெயர்.

தேவைக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். அன்றைக்குக் கணினியில் தமிழ் எழுத வேண்டுமென்றால் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு. ஒன்றில் எழுதியது இன்னொன்றில் கட்டம் கட்டமாகத் தெரியும். முகுந்தராஜும் 'தமிழா' குழுவும் எ-கலப்பையைக் கொண்டுவந்து சும்மா கொடுத்தார்கள். வெளிநாட்டில் உட்கார்ந்து வீட்டுக்குத் தமிழில் கடிதம் எழுத முடியாதவனுக்குத்தான் அந்தக் கருவியின் அவசரம் தெரியும். சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகின் எந்தெந்த மூலையிலோ இருந்த தமிழர்கள் பழைய நூல்களை வரி வரியாகத் தட்டி ஏற்றினார்கள். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது.

எங்கள் ஊர்ப்பக்கத்துக்கு இது புரியாத விஷயமும் இல்லை. குமராட்சிக்குப் பக்கத்தில்தான் திருநாரையூர். அந்த ஊர் நம்பியாண்டார் நம்பிதான், தில்லைக் கோயில் அறையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை ராஜராஜனோடு போய்த் திறக்க வைத்தார் என்பது மரபு. திறந்தபோது கரையான் தின்றது போக மிச்சம்தான் கிடைத்தது என்றும் சொல்வார்கள். இந்தப் பக்கம் காட்டுமன்னார்கோயில், நாலாயிரத்தைத் தேடித் தொகுத்த நாதமுனிகளின் ஊர். பூட்டி வைத்தால் என்ன ஆகும், பாட விட்டால் என்ன ஆகும் என்று ஒரே பஸ் ரூட்டில் பார்த்துவிடலாம். நம்பிக்கும் நாதமுனிக்கும் என்ன லாபம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், ஆயிரம் வருடம் நிற்கும் பெயர் என்று பதில் வந்திருக்கும். லேசான லாபமா அது?

பெயர் என்றதும் ஒரு நண்பர் ஞாபகம் வருகிறார். லினக்ஸின் கே.டி.இ. திரையைத் தமிழாக்கிய கூட்டத்தில் கொஞ்ச காலம் இருந்தார். அதற்கு ஒரு மூலையில் பங்களித்தவர்களின் பட்டியல் உண்டு. மூன்று முறை சொடுக்கினால்தான் வரும். அதில் தன் பெயர் ஏறிய அன்று அந்தத் திரையைக் கலர் பிரின்ட் எடுத்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் ஆகப்போகிறவரிடம் அதைக் காட்டினார். "இதுக்கு மாசம் எவ்வளவு குடுக்கிறாங்க?" என்று கேட்டார் அவர். சம்பந்தம் வேறு காரணத்தால் தள்ளிப்போனதாக நண்பர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பொருளாதாரக்காரர்களுக்கும் இந்தக் கேள்வி உறுத்தியிருக்கிறது. ஜாஷ் லெர்னர், ழான் டிரோல் என்ற இரண்டு பேர் 2002-இல் ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். முதல்தரமான புரோகிராமர்கள் எதற்காகக் காசு வாங்காமல் உழைக்கிறார்கள்? அவர்கள் கண்ட விடைகளில் முக்கியமானது: வேலை எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது, அதனால் பெயர் வருகிறது, பெயரால் பின்னால் நல்ல வேலை வருகிறது. டிரோலுக்குப் பிறகு, 2014-இல், பொருளாதார நோபல் கிடைத்தது. எங்கள் பெரியப்பாவுக்கு அந்தத் துறையில் ஆர்வம் இருந்தும் சொசைட்டி பென்ஷன்தான்.

லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் 1991 ஆகஸ்டில் இது என் பொழுதுபோக்கு, பெரிதாக ஒன்றும் வராது என்று சொல்லித்தான் லினக்ஸை அறிவித்தார். பொழுதுபோக்கில் எப்போது கம்பெனிகள் புகுந்தன? அந்தக் கதையில்தான் வேடிக்கை அதிகம்.

ஐ.பி.எம். 2001-இல் லினக்ஸுக்காக 100 கோடி டாலர் செலவழிப்பதாக அறிவித்து இறங்கியது. எங்களுக்குக் கண்ணில் தண்ணீர். பெரிய கம்பெனியே நம் கொள்கைக்கு வந்துவிட்டது! கொள்கையாவது ஒன்றாவது. ஐ.பி.எம். விற்றது பெரிய இயந்திரங்களும் ஆள் வைத்துச் செய்யும் சேவையும். வாடிக்கையாளர் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மைக்ரோசாஃப்ட்டிடமும் சன் மைக்ரோசிஸ்டம்ஸிடமும் கொட்டும் காசு மிச்சமானால், அது தன் பக்கம் திரும்பும். பக்கத்துக் கடைக்காரன் விற்கும் சரக்கைச் சும்மா கொடுத்துவிட்டால் அவனிடம் யார் போவார்கள்? இதே ஆட்டத்தைப் பிறகு கூகுள் ஆடியது. வாடகைக் கணினித் தொழிலில் அமேசான் எட்டாத தூரம் ஓடியிருந்தபோது, 2014-இல், வாடகைக் கணினிகளில் மென்பொருளை ஓட்டி மேய்க்கும் குபர்னெட்டிஸைத் திறந்து விட்டது. எந்தக் கம்பெனியின் கணினியிலும் அது ஒரே மாதிரி ஓடும். அமேசானிடம் கட்டுண்டு கிடந்தவன் இனி மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு இடம் மாறலாம். இதில் தர்மம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம். குபர்னெட்டிஸ் நன்றாக இருக்கிறது, அது போதும்.

மைக்ரோசாஃப்ட்டின் தலைவராக இருந்த ஸ்டீவ் பால்மர் 2001-இல் லினக்ஸைப் புற்றுநோய் என்றார். 2009-இல் அதே மைக்ரோசாஃப்ட் அந்தப் புற்றுநோய்க்கு 20,000 வரி நிரலைத் தன் கையால் எழுதிக் கொடுத்தது. தன் சர்வர்களுக்குள் லினக்ஸ் ஓட வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். கொடுக்காவிட்டால் வேறு கடைக்குப் போவார்கள். உரிமச் சிக்கலும் ஒன்று இருந்ததாக அப்போதே பேச்சு. 2018-இல், உலகத்தின் ஓப்பன் சோர்ஸெல்லாம் குடியிருக்கும் கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு விலைக்கே வாங்கிவிட்டது. நாங்கள் சட்டையில் லினக்ஸின் சின்னமான பென்குவின் படம் ஒட்டிக்கொண்டு யாரைத் திட்டினோமோ, அவர் வீட்டிலேயே இப்போது வாடகையில்லாமல் குடியிருக்கிறோம்.

இதெல்லாம் போட்டியில் பிறந்த காரணங்கள். தினப்படிக் காரணம் வேறு, அதற்கு இவ்வளவு சாமர்த்தியமும் தேவையில்லை. அதைப் பெரியப்பாவுக்கு வாய்க்கால் கணக்கில் சொல்லியிருந்தால் வெற்றிலை மடிப்பதற்குள் பிடித்திருப்பார். கீழணையிலிருந்து வடக்கு ராஜன் வாய்க்காலில் தண்ணீர் விடுவதற்கு முன்னால், ஊருக்குள் பிரியும் கிளை வாய்க்கால்களைத் தூர்வாருவது ஒரு காலத்தில் ஊர் வேலை. வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். ஆள் வராத வீடு கூலியைக் கட்ட வேண்டும். குடிமராமத்து என்று பெயர். வெள்ளைக்காரன் 1858-இல் இதற்குச் சட்டமே போட்டான். வந்தவன் எவனும் வாய்க்கால் மேல் ஆசைப்பட்டு வரவில்லை. அவனவன் வயல் அதில் இருந்தது. நான் தனியாக எனக்கென்று ஒரு வாய்க்கால் வெட்டிக்கொள்கிறேன் என்று ஒருவன் கிளம்பினால் தடையில்லை. ஆனால் வருடா வருடம் அதை அவன் ஒருவனே தூர்வார வேண்டும்.

லினக்ஸில் புதிய பதிப்பு ஒன்பது பத்து வாரத்துக்கு ஒன்று வருகிறது. ஒரு கம்பெனி தன் தேவைக்கு அதில் ஒரு திருத்தம் செய்து, வெளியே கொடுக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டது என்று வையுங்கள். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் அந்தத் திருத்தத்தை மறுபடி பொருத்த வேண்டும், மறுபடி சோதிக்க வேண்டும். நாலு வருடம் போனால் பொருத்துவதற்கே நாலு பேர் வேண்டும். எழுதியவன் வேலையை விட்டுப் போயிருப்பான். அதே திருத்தத்தைப் பொது நிரலில் சேர்த்துவிட்டால் அது ஊர் வாய்க்கால்; அடுத்தவன் ஏதாவது மாற்றினால் இதை உடைக்காமல் மாற்றுவது அவன் பொறுப்பு. இன்டெல், ரெட் ஹேட், கூகுள், ஹுவாவே என்று லினக்ஸின் மையமான கர்னலில் எழுதுகிற பெரும்பாலோர் இன்றைக்குச் சம்பளத்துக்கு எழுதுகிறார்கள். அந்தக் கம்பெனிகளின் கருணை உள்ளம் இந்தப் பராமரிப்புச் செலவில்தான் குடியிருக்கிறது.

அரசாங்கமும் இந்தப் பக்கம் ஒரு காலத்தில் வந்தது. சி. உமாசங்கர் தமிழக அரசின் எல்காட் நிறுவனப் பொறுப்பில் இருந்தபோது, 2007 வாக்கில், அலுவலகத்தையே லினக்ஸுக்கு மாற்றினார். அதே வருடம் மத்திய அரசின் சென்னை சி-டாக், பாஸ் லினக்ஸ் என்ற பதிப்பை வெளியிட்டது. 2011-இல் விலையில்லா மடிக்கணினி வந்தபோது அதில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பொத்தானை அழுத்தினால் எது வேண்டும் என்று கேட்கும். ராத்திரியெல்லாம் விழித்து நாங்கள் அடைந்ததை, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசாங்கம் வீடு தேடிக் கொடுக்கிறதே என்று எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. சிதம்பரத்தில் ஒரு சர்வீஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். வரிசையாக அந்த மடிக்கணினிகள். ஒவ்வொன்றிலும் பாஸ் லினக்ஸை அழித்து, அந்த இடத்தையும் விண்டோஸுக்குச் சேர்த்து, படம் நாலும் கேம் ரெண்டும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார் கடைப்பையன். சும்மா கிடைத்ததை அழிப்பதற்குக் காசு கொடுத்து வாங்கிப் போனார்கள். உபுண்டு சி.டி. வீட்டுக்கு வருவதும் அதே 2011-இல் நின்றது. ஒரு வருடத்தில் இரண்டு ஞானோதயம்.

சரி, என் மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். லாபம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவன் கல்லூரியில் வேலைவாய்ப்பு அதிகாரி பயோடேட்டாவில் கிட்ஹப் முகவரிக்கென்று ஒரு வரியே ஒதுக்கச் சொல்லியிருக்கிறார். கிட்ஹப்பில் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு வருடத்துக்குக் கட்டம் கட்டமாக இருக்கும். ஏதாவது பங்களித்த நாளின் கட்டம் பச்சையாகும். எங்கள் ஊரில் பச்சையைப் பார்த்தால் நடவு முடிந்தது என்று அர்த்தம். அவன் பக்கத்தில் நடவு நடக்காமலே பச்சை. தினமும் ஒரு புள்ளி வைத்து, ஒரு புள்ளி எடுத்து வருகிறான்.

இதில் அவன் முன்னோடி இல்லை. டிஜிட்டல்ஓஷன் என்ற அமெரிக்கக் கம்பெனி 2014-இலிருந்து அக்டோபர் மாதங்களில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்று ஒன்று நடத்துகிறது. ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் திருத்தம் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட். 2020-இல் அந்த எண்ணிக்கை நாலு. அக்டோபர் ஒன்றாம் தேதி விடிந்ததும் உலகமெங்கும் இருந்த பராமரிப்பாளர்கள் திகைத்துப்போனார்கள். ஆயிரக்கணக்கான திருத்தங்கள். திறந்து பார்த்தால், ரீட்மீ என்ற முகப்புக் குறிப்பில் 'அற்புதமான திட்டம்' என்று இரண்டு சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள். வேறு ஒன்றும் இல்லை. டி-ஷர்ட் வாங்குவது எப்படி என்று நம் நாட்டு யூடியூபர் ஒருவர் அப்படியே செய்து காட்டியிருந்தார். பிள்ளைகள் வாத்தியார் போட்ட உதாரணத்தையே பரீட்சையில் எழுதிவிட்டார்கள். சில நாட்களுக்குள், விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்பினால் மட்டும்தான் கணக்கு என்று விதியை மாற்றினார்கள். 2023-இல் டி-ஷர்ட்டையே நிறுத்திவிட்டார்கள். அது ஓய்ந்ததா என்றால், 2024-இன் தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற புகழ்பெற்ற திட்டத்தின் ரீட்மீயில் நம் பிள்ளைகள் வரிசையாகத் தங்கள் பெயரைச் சேர்த்து அனுப்பினார்கள். அதுவும் ஒரு பாட வீடியோவின் புண்ணியம். கோயில் சுவரில் கரியால் பெயர் எழுதிவிட்டு வருகிற வழக்கத்துக்கு இப்படி ஒரு வளர்ச்சி.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் மறுமுனையில் இருந்து அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடியவர் யார் என்று பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். அவருக்குப் பெரும்பாலும் சம்பளம் இல்லை. சிலருக்கு டி-ஷர்ட்டும் இல்லை.

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்று ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. நீங்கள் பேங்க் பக்கம் திறக்கும்போது பூட்டுப் படம் தெரிகிறதே, அந்தப் பூட்டைச் செய்கிற மென்பொருள்களில் முக்கியமானது அது. உலகத்தின் பாதிக்கும் மேற்பட்ட வலை சர்வர்கள் அதை நம்பியிருந்தன. அதன் கணக்கைப் பார்த்தால், வருடத்துக்கு வந்த நன்கொடை ஏறக்குறைய 2,000 டாலர். முழு நேரமாக அதைப் பார்த்தவர் ஒரே ஒருவர். கோடி கோடியாக அதன் மேல் உட்கார்ந்து சம்பாதித்த கம்பெனிகள் எல்லாம், தண்ணீர் எப்படியும் வந்துவிடும் என்று மண்வெட்டி எடுக்காத தலைமடைக்காரர்கள். ஓட்டை வெளியான அதே மாதம் பன்னிரண்டு, பதின்மூன்று பெரிய கம்பெனிகள் ஓடி வந்தன. வருடத்துக்கு ஆளுக்கு ஒரு லட்சம் டாலர், மூன்று வருடத்துக்கு என்று கையெழுத்துப் போட்டன. அது அன்பா, பயமா என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பயமும் ஒரு நல்ல காரணம்தான், சீக்கிரம் மறந்துபோகும் என்பதைத் தவிர.

இன்னொரு கதை 2024 மார்ச்சில். எக்ஸ்இஸட் என்று ஒரு கருவி. கோப்புகளைச் சுருக்குவது அதன் வேலை. லினக்ஸ் இருக்கிற இடமெல்லாம் அதுவும் இருக்கும். அதைக் கவனித்தவர் ஒற்றை ஆள். அலுத்துப் போயிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்தார். இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக, ஒழுங்காக, கேட்டதும் கேட்காததும் செய்து கொடுத்தார். மூத்தவர் நம்பிச் சாவியைக் கொடுத்தார். சாவி கிடைத்ததும் அவர் செய்தது, உலகத்தின் சர்வர்களுக்குள் நுழைய ஒரு திருட்டுக் கதவு. இந்தத் துறையில் நான் கேள்விப்பட்ட பங்களிப்பாளர்களிலேயே இவ்வளவு பொறுமைசாலி இன்னொருவர் இல்லை. ஏன் பங்களிக்கிறார்கள் என்று பட்டியல் போடுபவர்கள் இதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ரூண்ட்; உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டினார். அவர் எங்கே வேலை பார்க்கிறார் தெரியுமா? மைக்ரோசாஃப்ட்டில்.

நான் வேலை பார்த்த கம்பெனி ஒன்றின் கதையையும் சொல்லிவிடுகிறேன். தரைக்கல்லிலிருந்து கூரை ஓடு வரைக்கும் ஓப்பன் சோர்ஸ்தான். அதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, நாலு வரியில் திருத்தி, வெளியே அனுப்ப அனுமதி கேட்டேன். சட்டப்பிரிவுக்குப் போயிற்று. அங்கிருந்து பாதுகாப்புப் பிரிவுக்கு. அனுமதி வந்து சேர்வதற்குள் ஜப்பானில் யாரோ அதே பிழையைத் திருத்திவிட்டார்கள். இப்போது அதே கம்பெனியின் வருடாந்திர மதிப்பீட்டுப் படிவத்தில் 'சமூகப் பங்களிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். நிரப்பாவிட்டால் மதிப்பெண் குறையுமாம். என் பழைய சகாக்கள் எழுத்துப் பிழை தேடி அலைகிறார்கள்.

எல்லாமே இப்படித்தான் என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. ஜெரோதா என்ற பெங்களூருப் பங்குத் தரகு நிறுவனம் 2024 அக்டோபரில், வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு என்று ஒரு நிதி ஏற்படுத்தியது. தாங்கள் எழும்பியதே இலவச மென்பொருளின் மேல்தான், அதற்குத் திருப்பிச் செய்கிறோம் என்றார்கள். இந்தியக் கம்பெனி ஒன்று இதை வாய்விட்டுச் சொன்னதே எனக்குப் பெரிதாகப் பட்டது. ஹார்வர்டுக்காரர்கள் சிலர் அதே வருடம் ஒரு கணக்குப் போட்டார்கள். பரவலாகப் புழங்கும் ஓப்பன் சோர்ஸை ஒரு முறை எழுதி முடிக்க 415 கோடி டாலர் போதுமாம். ஆனால் அது இல்லாமல் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக எழுதிக்கொள்ள வேண்டியிருந்தால் 8.8 லட்சம் கோடி டாலர் ஆகுமாம். அந்த மதிப்பில் கிட்டத்தட்ட முழுவதும், எழுதுகிறவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் தோளில். பெரியப்பா இன்றைக்கு இருந்திருந்தால் அந்த ஐந்து பேரின் வரவுப் பக்கத்தைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

மருமகனிடம் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். தத்துவம் பேசவில்லை. உன் பயோடேட்டாவுக்காகவே செய், தப்பில்லை; ஆனால் திறந்து பார்க்கிறவனுக்கு ஒரு வேலை குறைகிற மாதிரி செய் என்றேன். ஒரு மாதம் கழித்து, தமிழில் தேதியைத் தப்பாகக் காட்டிய செயலி ஒன்றில் ஒரு வரி திருத்தி அனுப்பினான். பராமரிப்பாளர் ஏற்றுக்கொண்டு நன்றி என்று ஒரு சொல் எழுதியிருந்தார். அதை அவன் அம்மாவிடம் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கலர் பிரின்ட் எடுக்கவில்லை, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தான்.

சிதம்பரம், குமராட்சி, காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் இதைப் படித்தால் ஒரு தகவல். விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்து வருகிறது. 'கணியம்' மின்னிதழ் 2012-இலிருந்து இதைத் தமிழிலேயே எழுதுகிறது. சிதம்பரத்தில் ரயில் ஏறினால் விழுப்புரம் ஒன்றும் தூரமில்லை. போய்ப் பாருங்கள். சொல்லிக்கொடுப்பவர்களிடம் உங்களுக்கு இதில் என்ன லாபம் என்று தாராளமாகக் கேளுங்கள்; கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ரீட்மீயில் மட்டும் பெயர் எழுதிவிட்டு வராதீர்கள்.